மார்கழியில் ஒரு கல்யாண ஆர்டர்

ஜூலை 18

ஆடி பிறந்து இரண்டு நாள் ஆகிறது. இனி ஒரு மாதத்துக்கு அருப்புக்கோட்டையில் ஒரு பயலும் தாலி கட்டமாட்டான். ஆர்டர் டைரியில் முப்பது பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. சும்மா கிடப்பானேன் என்று எழுத உட்கார்ந்தேன்.

நாளைக்கு யாராவது எடுத்துப் படித்தால் ஆள் தெரிய வேண்டும் அல்லவா? சீனிராஜ், கோபிகா டிஜிட்டல் உரிமையாளர். இருபத்திரண்டு வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் எடுக்கிறேன். கொரோனாவிலிருந்து யூடியூப் நேரலையும் உண்டு. மூன்று துக்க வீடுகளைக்கூட நேரலையில் காட்டியிருக்கிறேன். துபாயிலிருந்த மகன்கள், நேரில் வந்திருந்தால்கூட இவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்க மாட்டோம் என்றார்கள்.

கடைப் பெயரில் இருக்கும் கோபிகா என் ஒரே மகள். பிளஸ் டூ படிக்கிறாள். பள்ளி வாலிபால் டீமில் லிபரோ. லிபரோ என்றால் பின்வரிசையில் நின்று, எதிராளி அடிக்கும் பந்தையெல்லாம் விழாமல் எடுத்துக் கொடுக்க வேண்டியவள். அவள் அடிக்கக் கூடாது. இதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் லிபரோவுக்கு மட்டும் தனி நிறச் சட்டை. டீமே ஊதா, என் மகள் மட்டும் மஞ்சள். கூட்டத்தில் கல்யாணப்பெண் மாதிரி தனியாகத் தெரிவாள். கேமராக்காரனுக்கு அது போதும்.

இன்று அவளுடைய பி.இ.டி. முத்துக்கனி டீச்சர், டீம் பிள்ளைகளின் பாஸ்போர்ட் போட்டோவுக்காகக் கடைக்கு வந்தார்.

"சார், கோபிகா எடுக்கிற மார்க்குக்கு மதுரைல அந்தப் பெரிய லேடீஸ் காலேஜ் கெடைக்காது. ஆனா வாலிபால்ல கெடைக்கும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வருஷத்துக்கு ஒரே ஒரு லிபரோ எடுப்பாங்க. சீட்டு, ஹாஸ்டல் எல்லாம் அவங்களே."

"வந்து பாக்கச் சொல்லுங்களேன், டீச்சர்."

"அங்க பிசிக்கல் டைரக்டர் பிரிசில்லா மேடம். ரெண்டு முட்டியும் ஆபரேஷன். முன்ன மாதிரி ஊர் ஊரா அலையறதில்ல. இப்ப யூடியூப்ல லைவ் வந்தா பாக்குறாங்க, வராத பிள்ளைக எவ்வளவு நல்லா ஆடினாலும் தெரியாமலே போயிருது. நம்ம ஸ்கூலுக்கு லைவ் போட ஆள் ஏது?"

நான் என் கேமராவைத் திரும்பிப் பார்த்தேன். டீச்சரும் பார்த்தார். கடவுள் சும்மா ஆடி மாதத்தைப் படைக்கவில்லை.

கோபிகாவிடம் சொன்னபோது கண்ணை விரித்தாள். அந்தக் காலேஜில் மரத்தரை போட்ட உள்ளரங்கம் இருக்கிறதாம். அதன் படத்தைத்தான் செல்லில் முகப்பாக வைத்திருக்கிறாள். அது ஏதோ கல்யாண மண்டபம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 25

முதல் நேரலை. சின்னத் தவறு ஒன்று நடந்தது. கல்யாண ஃபிரேமை மாற்ற மறந்துவிட்டேன். ஆட்டம் முழுக்கத் திரையின் இரண்டு பக்கமும் வாழைமரம். கீழே ‘மணமக்களை வாழ்த்த அனைவரும் வருக’ ஓடிக்கொண்டே இருந்தது. குடும்ப வாட்ஸாப் குரூப்பில் லிங்க் போட்டிருந்தேன். தூத்துக்குடிச் சித்தப்பா ‘நூறாண்டு வாழ்க’ என்று கமெண்ட் போட்டார். யார் வீட்டுக் கல்யாணம் என்று பிறகு போன் செய்து கேட்டார்.

நம் பிள்ளைகள் ஜெயித்தார்கள். 214 பேர் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் கடைக்கு வந்து பெரிய திரையில் போட்டதும் எனக்குப் பகீரென்றது. நான் கோபிகாவை நல்ல க்ளோசப்பில்தான் பிடித்திருக்கிறேன். எந்த ஃபிரேமில் நிறுத்தினாலும் வாய் ஆவென்று திறந்திருக்கிறது. "மை! மை!" என்று ஒரு கத்து. பந்து தன்னுடையது என்று அர்த்தமாம். "விடு!" என்று இன்னொரு கத்து. அது வெளியே விழப் போகிறது என்று அர்த்தமாம். யூடியூப் தானாகத் தேர்ந்தெடுத்த முகப்புப் படத்தில் உள்நாக்கு வரை தெரிகிறது.

திருப்பூரிலிருந்து அக்காவின் குரல் பதிவும் வந்தது. "தம்பி, பிள்ளை நல்லாத்தான் ஆடுது. ஆனா ஏன்டா இந்தக் கத்துக் கத்துது? நாலு பேரு பாக்குறாங்கல்ல?"

அக்கா சொன்னதிலும் நியாயம் இருந்தது. கோபிகாவைக் கடைக்குக் கூப்பிட்டு, இருபத்திரண்டு வருடமாக மணப்பெண்களுக்குச் சொல்வதை அவளுக்கும் சொன்னேன்.

"நாடியக் கொஞ்சம் எறக்கு. வாயை மூடிக்கிட்டு லேசாச் சிரி. கேமரா எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்கணும், ஆனா அதைப் பாக்கக் கூடாது. அந்த மேடம் பாக்கும்போது மொகம் லட்சணமா இருக்க வேண்டாமா?"

"கத்தாம எப்படிப்பா? பந்து யாருக்குன்னு சொல்லணும்ல?"

"பந்தைக் கையாலதானம்மா எடுக்கிற? வாயாலயா எடுக்கிற?"

"சரிப்பா" என்றாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

ஆகஸ்ட் 3

இரண்டாவது நேரலை. ஃபிரேமை எடுத்துவிட்டேன். கோபிகா இன்று சித்திரம் மாதிரி நின்றாள். உதடு பிரியவே இல்லை. நல்ல பந்து எடுத்த இடங்களை ஸ்லோமோஷனில் திரும்பப் போட்டேன். அக்கா ஏழு இதயம் அனுப்பினாள்.

ஆட்டம் இழுபறியாகித் தட்டுத்தடுமாறித்தான் ஜெயித்தார்கள். மூன்று முறை கோபிகாவுக்கும் கேப்டன் ரிஸ்வானாவுக்கும் நடுவில் பந்து சும்மா வந்து விழுந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரிஸ்வானாவுக்குக் கவனம் போதாது.

ஆகஸ்ட் 5

ரிஸ்வானாவின் அப்பா பீர் முகமது பாய் கடைக்கு வந்தார். கையில் சாத்தூர் காராச்சேவு ஒரு கிலோ.

"நம்ம பிள்ளை மேலயும் கேமராவைக் கொஞ்சம் திருப்புங்க, சார். அதுதான் பாதிப் பாயிண்ட்டு அடிக்குது. வீடியோவுல பாத்தா தோளு மட்டும்தான் வருது."

உங்கள் பிள்ளை வேறு, என் பிள்ளை வேறா என்று சொல்லி அனுப்பினேன். காராச்சேவில் மிளகு தூக்கல். அடுத்த ஆட்டத்தில் ரிஸ்வானாவுக்கு நான்கு ஜூம் தருவதாக முடிவு செய்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 11

பிரிசில்லா மேடம் நம் நேரலையைப் பார்த்துவிட்டாராம்! முத்துக்கனி டீச்சர் போனில் சொன்னார். ஆனால் மேடத்துக்கு ஒரு குறை. கோர்ட் முழுவதும் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்கிறாராம். பந்து வருவதற்கு முன்னால் பிள்ளை எங்கே நின்றாள், எப்படி நகர்ந்தாள் என்று பார்க்க வேண்டுமாம். முகம் வேண்டாமாம்.

முகம் வேண்டாமாம்! வீடியோ எடுப்பது எப்படி என்று முட்டி ஆபரேஷன் செய்துகொண்டவர் எனக்குச் சொல்லித் தருகிறார். படித்தவர்கள், போகட்டும்.

ஆகஸ்ட் 23

ஆவணி பிறந்ததும் பிழைப்பும் பிறந்தது. இன்று முகூர்த்தம். விருதுநகரில் கல்யாணம், அதே நேரத்தில் இங்கே மாவட்டப் போட்டி. என்ன செய்வது? பழைய கேமராவை ஸ்டாண்டோடு கொண்டுபோய், கோர்ட்டின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி மேல் நிறுத்தி, நேரலையை ஓடவிட்டு வந்துவிட்டேன். முடிந்ததும் அணைக்கச் சொல்லி டீச்சரிடம் சொல்லியிருந்தேன்.

ஜெயித்தார்கள். இரண்டு செட்டும் லேசாக. நான் பார்க்கவில்லை. ஆளில்லாத கேமராவில் எடுத்ததைப் பார்ப்பதற்கு சிசிடிவி பார்க்கலாம்.

ஆகஸ்ட் 30

முகூர்த்தம். நென்மேனியில் மாப்பிள்ளை ஊர்வலத்தில் ட்ரோன் வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டது.

செப்டம்பர் 6

முகூர்த்தம். காரியாபட்டிக் கல்யாணம். கோபிகாவுக்கு அரையிறுதி. மறுபடியும் தண்ணீர்த் தொட்டி, மறுபடியும் வெற்றி. வீட்டுக்கு வந்தபோது அவள் குரல் கட்டிப்போய்க் கரகரவென்று பேசினாள். கிரவுண்டில் ஐஸ் தின்றிருப்பாள். என் மனைவி ஈஸ்வரி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

செப்டம்பர் 8

பிரிசில்லா மேடமே டீச்சரைக் கூப்பிட்டாராம். "அந்த மஞ்சச் சட்டைப் பொண்ணு யாரு?" என்று கேட்டாராம். ஆகஸ்டில் நான் எடுத்த க்ளோசப்புகளும் ஸ்லோமோஷனும் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டன. விதைத்தது முளைக்கக் கொஞ்சம் நாள் ஆகும்தானே. வீட்டில் எல்லாருக்கும் அல்வா வாங்கிப் போனேன்.

செப்டம்பர் 28

புரட்டாசி, கல்யாணம் கிடையாது. மாவட்ட இறுதிப் போட்டிக்கு இரண்டு கேமராவோடு நானே போய் முன்னால் நின்றேன். கோபிகா வார்ம்அப்பில் என்னைப் பார்த்தாள். நான் நாடியைத் தொட்டுக் காட்டினேன். உடனே நாடியை இறக்கிக்கொண்டாள்.

தோற்றோம். நேர் செட்டுகளில். இரண்டாவது செட்டில் உயரமாக ஒரு பந்து வந்தது. கோபிகாவும் ரிஸ்வானாவும் ஒரே நேரத்தில் அதற்கு ஓடினார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. இடித்துக்கொண்டு விழுந்தார்கள். ரிஸ்வானாவின் முழங்கை பட்டு கோபிகாவின் உதடு கிழிந்தது. இரண்டு தையல். ரிஸ்வானாவுக்கு மணிக்கட்டு வீக்கம். வாய் மூடியிருந்ததால் பல் தப்பித்தது என்று சொல்லி ஈஸ்வரியைத் தேற்றினேன். அவள் தேறவில்லை.

எதிர் டீம் லிபரோவை என்னவென்று சொல்வது? ஆட்டம் முழுக்க ஒரே கூச்சல். அவளுக்குக் கேமராவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை போலும்.

செப்டம்பர் 29

உதடு வீங்கியிருக்கிறது. கஞ்சிதான் குடிக்கிறாள்.

அக்டோபர் 4

பிரிசில்லா மேடம் நேராக எனக்கே போன் செய்தார். எழுந்து நின்று பேசினேன்.

"சார், எனக்கு ஒண்ணு புரியல. ஆகஸ்ட் இருபத்திமூணு, செப்டம்பர் ஆறு, இந்த ரெண்டு மேட்ச்லயும் அந்தப் பொண்ணு கோர்ட்டையே கட்டி மேய்க்கிறா. ஒவ்வொரு பந்துக்கும் குரல் குடுக்கிறா. மத்த மேட்ச்ல வாயே தொறக்க மாட்டேங்கிறா. பக்கத்துல விழற பந்தைக்கூட யாருக்கோன்னு பாத்துக்கிட்டு நிக்கிறா. இது ரெண்டும் ஒரே பொண்ணுதானா?"

"ஒரே பொண்ணுதான் மேடம். எனக்கு ட்வின்ஸ் இல்ல."

"லிபரோவுக்குப் பாதி வேலை வாயிலதான் சார். பின்னாடி நின்னு மொத்தக் கோர்ட்டையும் பாக்கிறது அவ ஒருத்திதான். அவ சொல்லலைன்னா முன்னாடி நிக்கிறவளுக்குக் கண்ணு தெரியாது. திண்டுக்கல்ல ஒரு பிள்ளை இருக்கா, திறமைல உங்க பொண்ணுக்கு ஒரு படி கம்மிதான். ஆனா எல்லா மேட்ச்லயும் ஒரே மாதிரி ஆடுறா. என்கிட்ட இருக்கிறது ஒரு சீட்டு. உங்க வீட்ல எந்தக் கோபிகா எங்க காலேஜுக்கு வருவான்னு தெரிஞ்சாத்தான் நான் பேரெழுத முடியும்."

தொண்டை சரியில்லை, உதட்டில் தையல் என்று ஏதேதோ சொன்னேன். தையல் போட்டது தோற்றதற்குப் பிறகுதானே என்று அவர் கேட்காதது அவருடைய பெருந்தன்மை.

போனை வைத்ததும் இந்த டைரியைப் புரட்டினேன். அப்போதுதான் கண்டுபிடித்தேன். ஆகஸ்ட் 23, முகூர்த்தம். செப்டம்பர் 6, முகூர்த்தம். ஆகஸ்ட் 3, ஆடி. செப்டம்பர் 28, புரட்டாசி. நல்ல நாள் பார்த்துச் செய்கிற காரியம் நன்றாகத்தானே வரும். ஜூலை 25 மட்டும் இடிக்கிறது. அன்று ஆடி, ஆனால் அவள் கத்தினாள். அன்று திரையில் வாழைமரம் கட்டியிருந்ததால் அதையும் முகூர்த்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

ஈஸ்வரியிடம் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இந்த நல்ல நாள்ல எல்லாம் நீங்க எங்க இருந்தீங்க?"

"மண்டபத்துல."

"அவ?"

"கிரவுண்டுல."

"அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் கீரையை அலசப் போய்விட்டாள். அவளுக்குப் பஞ்சாங்கம் எல்லாம் தெரியாது.

அக்டோபர் 5

மண்டபத்தில்தான் இருந்தேன்.

அக்டோபர் 12

சரஸ்வதி பூஜைக்குக் கடையைக் கழுவி, கேமராக்களுக்குப் பொட்டு வைத்தேன். பழைய கேமராவுக்குப் பொட்டு வைக்கும்போது அதில் எடுத்ததை நான் இன்னும் பார்க்கவே இல்லையே என்று தோன்றியது. மத்தியானம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு செப்டம்பர் 6-ஐப் போட்டேன்.

படம் நான் நினைத்த மாதிரியேதான் இருந்தது. அசையாத படம். முகமே தெரியவில்லை. மஞ்சளாக ஒரு புள்ளி, அதைச் சுற்றி ஊதா. ஆனால் இரண்டாவது செட்டில் நம் டீம் தொட்டிப் பக்கம் மாறி வந்தது. கேமராவுக்கு நேர் கீழே கோபிகா. குரல் காதுக்குள்ளேயே கேட்டது.

"மை! மை!" "ரிஸு, விடு, அவுட்டு!" "ஏ, வலைய விட்டு ரெண்டு அடி பின்னால வா, அவ தட்டித்தான் போடுவா!" எதிராளி பந்தைத் தட்டித்தான் போட்டாள். "சொன்னேன்ல!" என்று ஒரு சிரிப்பு. தப்பு செய்தவளைத் திட்டுகிறாள், அடுத்த நொடி முதுகில் தட்டுகிறாள். டைம்அவுட்டில் டீச்சரையே இடைமறித்து ஏதோ சொல்கிறாள், டீச்சர் தலையாட்டிக் கேட்கிறார்.

வீட்டில் சாம்பார் வேண்டுமா என்றால் தலையை மட்டும் ஆட்டுகிற பிள்ளை. அவளுக்குக் கூச்ச சுபாவம் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறேன். பதினேழு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இந்தக் குரலை நான் கேட்டதில்லை. கேட்டது ஒரே ஒரு நாள், ஜூலை 25. அன்றும் நான் கேட்கவில்லை, பார்த்தேன்.

செட் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது ரிஸ்வானா கேட்டாள். அதுவும் பதிவாகியிருக்கிறது.

"ஏன்டி, உங்கப்பா இன்னைக்கு வரலையா?"

"இன்னைக்கு முகூர்த்தம்டி!" என்றாள் கோபிகா. தீபாவளி லீவு விட்டாச்சு என்று சொல்கிற குரல். எல்லாரும் சிரித்தார்கள்.

அந்த இடத்தை நான்கு முறை திருப்பிப் போட்டுக் கேட்டேன். மனசு கஷ்டமாக இருந்தது. எழுதித்தான் ஆக வேண்டும், மிகவும் கஷ்டமாக இருந்தது. அவள் என்னை வெறுத்துச் சொன்ன மாதிரி இருந்திருந்தால்கூடக் கோபப்பட்டுத் தீர்த்திருப்பேன். அவள் அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லியிருந்தாள்.

சாயங்காலம் பூஜையில் சுண்டல் கொடுக்க வந்தவளிடம், "நல்லா ஆடியிருக்கம்மா" என்றேன்.

"எதுலப்பா?"

"பொதுவாச் சொன்னேன்."

நவம்பர் 9

எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று பள்ளிக் கிரவுண்டுக்குப் போனேன். பயிற்சி ஆட்டம்தான். கோபிகாவைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அப்பா அன்னைக்குச் சொன்னது தப்பு. நீ நல்லாக் கத்து. எவ்வளவு வேணாலும் கத்து. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

"சரிப்பா."

கத்தினாள். அதை எப்படி எழுத? முதல் பந்துக்கு நாடியை இறக்கி, கேமரா பக்கம் லேசாகத் திரும்பி, தேன் தடவிய மாதிரி "மை" என்றாள். மணமேடையில் ‘ஒரு தடவை சிரிம்மா’ என்றதும் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு மாதிரி ஒரு கத்தல். பந்து அதற்குள் விழுந்துவிட்டது. ரிஸ்வானா இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தாள்.

கேமராவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு வெறுமனே நின்று பார்த்தேன். அதற்கும் அப்படித்தான். கேமராவைக் குற்றம் சொல்லி இனிமேல் பிரயோஜனம் இல்லை.

நவம்பர் 20

முகூர்த்தம். பந்தல்குடி. மணப்பெண் தோழிகளோடு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பழக்க தோஷத்தில் "வாயை..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அப்படியே எடுத்தேன். ஆல்பத்தில் இது எடுபடாது. போகட்டும்.

டிசம்பர் 12

மதுரைக் காலேஜே பள்ளிகளுக்கு ஒரு போட்டி நடத்துகிறது, அரையாண்டு லீவில், 27-ஆம் தேதி, அந்த மரத்தரை அரங்கத்தில். கோபிகாவும் திண்டுக்கல் பிள்ளையும் வருகிறார்கள். அன்றே முடிவாம். பிரிசில்லா மேடம் என்னையும் கூப்பிட்டார்.

"காலேஜ் லைவ் எங்க ஆளுங்களே பாத்துக்குவாங்க. பேரண்ட்ஸுக்குத் தனி கேலரி இருக்கு. நீங்க கண்டிப்பா வரணும், சார். அப்பா அம்மா பக்கத்துல இருந்தா பிள்ளைகளுக்குத் தைரியம்."

எவ்வளவு படித்தவர்!

பீர் முகமது பாய் வேன் பேசிவிட்டார். எல்லாப் பெற்றோரும் போகிறார்கள். கோபிகா ஷூவைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டே கேட்டாள். "நீங்களும் வேன்லதானப்பா வர்றீங்க?"

"பின்ன?" என்றேன்.

ஷூவைத் திருப்பி வைத்தாள். நாடி தானாக இறங்கியது.

டிசம்பர் 16

மார்கழி பிறந்தது. கோயில் ஸ்பீக்கர் காலையிலேயே எழுப்பிவிட்டது. டைரியில் தை வரை ஒரு ஆர்டரும் இல்லை.

டிசம்பர் 22

காலையில் மூன்று பேரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நேற்றே ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனத்தைச் சொன்னேன்.

"இருபத்தேழாந்தேதி ஒரு ஆர்டர் வந்திருக்கு. மதுரைக்கு நான் வர முடியாது. நீ அம்மாவோட போயிட்டு வா."

"என்ன ஆர்டர்?" என்றாள் ஈஸ்வரி.

"கல்யாணம்."

ஈஸ்வரியின் கையிலிருந்த சட்னிக் கரண்டி அப்படியே நின்றது. இந்த வீட்டில் முகூர்த்த நாள் பார்த்துத்தான் எண்ணெய்க் குளியலிலிருந்து டாக்டர் வீடு வரைக்கும் எல்லாமே நடக்கும். மார்கழியில் கல்யாணம் உண்டா இல்லையா என்று தெரியாத ஆள் இங்கே யாரும் இல்லை. ஈஸ்வரி வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சட்னியை ஊற்றினாள்.

கோபிகா குனிந்தபடியே இட்லியைப் பிட்டாள்.

"எந்த மண்டபம்ப்பா?"

அதை நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. "திருச்சுழிப் பக்கம்" என்றேன்.

"சரிப்பா" என்றாள். கொஞ்சம் கழித்து, "நல்லா எடுங்க" என்றாள்.

டிசம்பர் 27

ஊரில் இல்லாதவன் கடையைத் திறந்து வைக்கக் கூடாது என்பதால் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து காலேஜ் நேரலையைப் போட்டேன். உயரத்திலிருந்து கோர்ட் முழுவதும் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். கலை என்பது மருந்துக்கும் இல்லை. ஆனால் எல்லாம் தெரிந்தது.

முதல் செட்டில் கோபிகா நான்கைந்து பந்து வரை பேசவில்லை. கேலரியைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். மற்றப் பெற்றோருக்கு நடுவில் ஈஸ்வரி மட்டும் உட்கார்ந்து கையை ஆட்டினாள். அடுத்த பந்து உயரமாக, இரண்டு பேருக்கு நடுவில் வந்தது. செப்டம்பர் 28-ல் வந்த அதே மாதிரிப் பந்து. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"மை!"

ஹெட்போன் அதிர்ந்தது. அரங்கத்தின் கூரையில் பட்டு அந்தக் குரல் திரும்பி வந்தது. ரிஸ்வானா ஒதுங்கி வழிவிட்டாள். கோபிகா தரையோடு தரையாகப் போய் எடுத்தாள். அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை.

நடுவில் ஷட்டருக்குக் கீழே ஒரு தலை தெரிந்தது. "பாஸ்போர்ட் போட்டோ எடுக்கணும், சார்."

"இன்னைக்கு முடியாது. கல்யாண வேலையில இருக்கேன்."

"மார்கழிலயா?"

"ஆமா, மார்கழிலதான்" என்று சத்தம் போட்டேன். தலை போய்விட்டது.

குடும்ப குரூப்பில் ஈஸ்வரி லிங்க் போட்டிருந்தாள். அக்கா குரல் பதிவு அனுப்பினாள். "ஏன்டா, பிள்ளை மறுபடியும் கத்த ஆரம்பிச்சிட்டாளே?" நான் பதில் பதிவு போட்டேன். "அக்கா, லிபரோவுக்குப் பாதி வேலை வாயிலதான். வெவரம் தெரியாமப் பேசாத." முதல் தடவையாக அக்காவிடமிருந்து பதில் வரவில்லை.

திண்டுக்கல்காரர்களிடம் மூன்றாவது செட்டில் இரண்டு பாயிண்டில் தோற்றோம். செல்லைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். டீ குடிக்கலாம் என்று நினைத்தேன். ஊரில் இல்லாதவன் எப்படி டீ குடிப்பது?

நாலரை மணிக்கு கோபிகா கூப்பிட்டாள். குரல் கட்டிப்போயிருந்தது.

"அப்பா, கெடைச்சிருச்சு! தோத்தும் கெடைச்சிருச்சுப்பா! மேடம் அவங்க கையாலயே பேரெழுதிட்டாங்க. ஜூன்ல வந்து சேரச் சொல்லிட்டாங்க."

"நல்லதும்மா" என்று மட்டும் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பின்னால் வேன் ஹாரனும் பிள்ளைகள் பாட்டும் கேட்டன.

"கல்யாணம் நல்லா நடந்துச்சாப்பா?"

"நல்லா நடந்துச்சும்மா."

"பொண்ணு எப்படி?"

"அதை ஏன் கேக்குற, கடைசி வரைக்கும் வாயை மூடவே இல்ல."

சிரித்தாள், தொட்டி மேல் கேமராவில் நான் கேட்ட அதே சிரிப்பு. காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.